தங்கவேல் அண்ணன் பெயிண்ட் அடித்த சுவர்

போன ஞாயிறு வீரபாண்டியில் ஒரு பெண் சுவரைப் பார்த்து ஓவென்று அழுதாள். சுவர் சுத்தமாக இருந்தது. அதற்குத்தான் அழுகை!

அழுதவள் காயத்ரி, என் தங்கை மகள். சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். அழவைத்தவர் தங்கவேல் அண்ணன், என் பெரியப்பா மகன். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது... வேறு யார்? நான்தான்.

அண்ணனின் பனியன் கம்பெனி நொடித்துப்போய் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. மெஷின்களை எப்போதோ விற்றாயிற்று. ஒரு விசேஷத்துக்கு வந்த காயத்ரி, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாள்.

"பெரியம்மா, அந்தச் சுவரைப் பாருங்களேன்... என்ன ஒரு டெக்ஸ்சர்! என் ஃபைனல் புராஜெக்ட் இதுதான்!"

டெக்ஸ்சர் என்று அவள் சொன்னது பாசி, ஈரக்கறை, உரிந்த சுண்ணாம்பு, விரிசலில் முளைத்த அரசங்கன்று. இதெல்லாம் எங்கள் மொட்டைமாடியிலும் இருக்கிறது. பார்த்து யாரும் பரவசப்பட்டதில்லை.

எனக்குப் புரியவே இல்லை. நன்றாக ஓடுகிற கம்பெனி எதுவும் இந்தக் கலைஞர்கள் கண்ணில் படாதா? டீ நேரத்தில் தமிழும் இந்தியுமாகக் கலகலக்கும் கூட்டத்தை வரைந்தால் ஆகாதா? மூடிக் கிடக்கிற சாயப்பட்டறைத் தொட்டிக்குள் கல்யாண ஜோடியை இறக்கிவிட்டு போட்டோ எடுக்கிறார்கள்! ஒருவர் நொடித்த இடத்தில்தான் இன்னொருவருக்கு இன்ஸ்பிரேஷன் வருமாம்.

சரி, பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று, படம் வரைய என்று மட்டும் சொல்லி அண்ணனிடம் சாவி வாங்கிக் கொடுத்தேன். ஆளுயர கேன்வாஸை எங்கள் வீட்டிலிருந்து தினமும் தூக்கிப் போய், இடது பாதியை முடித்துவிட்டாள். இடத்திலேயே உட்கார்ந்துதான் வரைய வேண்டும். போட்டோ பார்த்து வரைந்தால் மார்க் கிடையாது. பரீட்சையோ இந்த மாதக் கடைசியில்.

அவள் செய்த ஒரே தப்பு, அண்ணனுக்கு போன் போட்டு, "மாமா, எங்க புரொஃபசர் இடத்தைப் பார்க்க வர்றார்" என்று சொன்னதுதான்.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆளிடம் இதைச் சொல்லலாமா? ஒருவர் வருகிறார் என்றால் கை சும்மா இருக்குமா?

ஞாயிறு காலை போய்க் கதவைத் திறந்தால்... பளபளவென்று பிஸ்தா பச்சை! பாசி போச்சு, கறை போச்சு, அரசங்கன்று வேரோடு போச்சு. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சீப்பு கதலிப்பழம், இளநீர். வாசலில் வாழைமரம் கட்டவில்லை, அதுவரை புண்ணியம்.

காயத்ரி அழ ஆரம்பித்தாள். அண்ணன் அதை ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்தார்.

"அட, அழுவாத கண்ணு. மாமன் இதுகூடச் செய்யமாட்டனா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை வெளியே இழுத்துப் போய், அந்த அழுக்குச் சுவரைத்தான் அவள் வரைந்துகொண்டிருந்தாள் என்று கத்தினேன். அண்ணன் கையில் ஒட்டியிருந்த பச்சையைச் சுரண்டினார்.

"ஏனம்மிணி, கம்பெனி நொடிச்சது ஊருக்கே தெரியும். அதுக்காவ, வர்றவங்களுக்கும் நானே தொறந்து காட்டோணுமா? அந்தச் செவுத்தப் பார்க்க முடியாமத்தான நானே இத்தன நாளா உள்ள வரல..."

உள்ளே அவள் அழுகிறாள், வெளியே இவர் தலைகுனிந்து நிற்கிறார். நான் யாரைத் திட்டுவது?

புரொஃபசர் வந்தார். பச்சைச் சுவரைப் பார்த்தார், கேன்வாஸைப் பார்த்தார், இளநீரைக் குடித்தார்.

"புதுசா ஆரம்பிக்க டைம் இல்லம்மா. வரைஞ்சது இருக்கட்டும். மீதிப் பாதியில இன்னைக்கு இங்க இருக்கிறதை வரை. அந்த ஐயாவையும் சேர்த்து."

அண்ணன் ஓடிப்போய்த் தலை சீவிக்கொண்டு வந்து சுவரோரம் விறைப்பாக நின்றார். காயத்ரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பச்சை கலந்தாள். சாயங்காலத்துக்குள் வலது பாதியில் புதுச் சுவரும், அதன் முன்னால் அண்ணனும் வந்துவிட்டார்கள். அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். படம் தப்பித்தது என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அண்ணன் கிட்டே வந்து பார்த்தார். தன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு. பிறகு மெல்ல இடது பாதிக்கு நகர்ந்தார். முகம் சுருங்கியது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. இந்தப் பக்கம் மட்டும் எதுக்கு இன்னும் ஒழுவுது? பெயிண்ட் மிச்சம் இருக்குது, நானே ஒரு கோட்டு அடிச்சு உட்டர்றேன்..."

அந்தப் பெயிண்ட் டப்பா இப்போது என் ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கிறது. பரீட்சை முடியும்வரை திறப்பதாக இல்லை!