அன்ரோனெற்றின் வாடகை வருமானம்

அன்ரோனெற்றுக்கு ஐம்பத்தெட்டு வயது. வங்காலையில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், தகரமும் பலகையும் வைத்து அடித்த கொட்டிலில் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து பதினொரு வருடம். பிள்ளைகள் இல்லை. நண்டுக் கம்பெனியில் வேலை. அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையைச் சிதறாமல் எடுக்க வேண்டும். கையுறை போட்டாலும் விரல் நுனிகள் வெடித்தே இருக்கும்.

காணி அவர் பேரில் இருக்கிறது. வீடுதான் இல்லை. இடம்பெயர்ந்து திரும்பிய வருடம் தற்காலிகமாக என்று அடித்த கொட்டிலுக்கு இப்போது பதினைந்து வயது. முன்பு வந்த வீட்டுத் திட்டங்களில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குப் புள்ளி அதிகம். தனிப் பெண்ணுக்குப் புள்ளி போதவில்லை.

தம்பி றெனால்ட் நோர்வேயில் இருக்கிறார். வயதான காலத்தில் வந்து இருக்கலாம் என்று மன்னார் உப்புக்குளத்தில் ஒரு மாடி வீடு கட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் அன்ரோனெற் பஸ் ஏறிப் போய் அதைக் கூட்டித் துடைத்து, குழாய்களைத் திறந்து தண்ணீர் ஓடவிட்டு, யன்னல்களைச் சாத்திவிட்டுத் திரும்புவார். அதற்குக் கூலி இல்லை. கூலியைப் பற்றிய நினைப்பே இருவருக்கும் வந்ததில்லை. ஒருவருக்கு அது வராமல் போனது அன்பினால். மற்றவருக்கு எதனால் என்பதை அன்ரோனெற் பிறகுதான் யோசித்தார்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஏப்ரலில் ஒரு தொண்டு நிறுவனம் அந்த வீட்டை அலுவலகத்துக்கு வாடகைக்குக் கேட்டது. நல்ல வாடகை. மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டியதால், அவர்களே வரியைக் கழித்துத் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். அதற்கு வாடகை வாங்குபவரின் வரி இலக்கம், ரின் நம்பர், வேண்டும் என்றார்கள். றெனால்ட் தொலைபேசியில் சொன்னார்:

"உன்ர பேரிலயே ரின் நம்பரை எடு அக்கா. என்ர பேரில எண்டா இஞ்சயும் கேள்வி, அங்கயும் கேள்வி. உன்ர பேரில வரியும் குறைவு."

"எனக்கு ஒண்டும் வராதே தம்பி?"

"உனக்கு என்ன வரப்போகுது? நீ என்ன, பெரிய கோடீஸ்வரியே?"

இருவரும் சிரித்தார்கள்.

வாடகை அன்ரோனெற்றின் வங்கிக் கணக்கில் விழும். மறுநாளே, றெனால்ட் சொன்னபடி, அவருடைய மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி றொட்னியின் கணக்குக்கு அதை மாற்றிவிடுவார். ஒரு சதம் எடுத்ததில்லை. ஆனால் வேறொன்றை எடுத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போட அந்த அலுவலகத்துக்குப் போகும்போது கதிரை இழுத்துப் போடுவார்கள், தேத்தண்ணி தருவார்கள், "மடம்" என்பார்கள். நண்டுக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவருக்கு அது பிடித்திருந்தது. அவரை முழுக்க ஏமாற்றப்பட்டவர் என்று சொல்லிவிட முடியாமல் இருப்பது இதனால்தான்.

சென்ற வருடம் செப்டெம்பரில் புதிய வீட்டுத் திட்டம் வந்தது. இந்த முறை தனித்து வாழும் பெண்களுக்கும் இடம் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் வரி இலக்கம் எழுத ஒரு கட்டம் இருந்தது. "உங்களுக்கு அது தேவையில்லை, விட்டிடுங்கோ" என்றார் கிராம அலுவலரான விதானையார். அன்ரோனெற் விடவில்லை. அந்த இலக்கம் அவருக்கு மனப்பாடம். அரசாங்கம் தனக்கென்று தந்த இலக்கம். அதை எழுதினால் தன்னைப் பற்றிய மதிப்புக் கூடும் என்று நினைத்தார். அழகாக, ஒவ்வொரு எண்ணையும் பிரித்து எழுதினார்.

ஒக்ரோபரில் பிரதேச செயலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி இளம் பெண்.

"அம்மா, பட்டியலில உங்கட பேர் நாலாவது. ஆனா வருசத்துக்குப் பத்தொன்பது இலட்சம் வாடகை வருமானம் எண்டு வரிக் கந்தோரில பதிஞ்சிருக்கு."

"அது என்ர தம்பீன்ர வீடு, மகள். அவன் வெளிநாட்டில. நான் சும்மா பாத்துக்கொள்ளுறன்."

"வீடு அவருடையது எண்டு உறுதி சொல்லுது. வருமானம் உங்கட எண்டு வரி சொல்லுது. இந்தத் திட்டத்துக்கு வருமானம்தான் கணக்கு."

அன்ரோனெற் வங்கிப் புத்தகத்தைக் கொடுத்தார்.

"இதில காசு றொட்னி எண்ட ஆளுக்கு எல்லோ போயிருக்கு? உங்கட தம்பிக்குப் போனது எண்டு எங்க இருக்கு?"

அதிகாரி புத்தகத்தை மூடிவிட்டு, படிவத்தை முன்னே இழுத்தார்.

"நீங்கள் சொல்லுறதை நான் நம்பிறன், அம்மா. ஆனா என்ர நம்பிக்கையைக் கோவையில வைக்கேலாது. நவம்பர் முப்பது வரைக்கும் பட்டியலை மூடமாட்டம். அதுக்குள்ள தம்பியை அந்த வருமானம் தன்ர எண்டு வரிக்குக் காட்டச் சொல்லுங்கோ. அவற்ற பேரையும் விலாசத்தையும் இதில எழுதுங்கோ."

எழுதினார். பொய் சொல்லாததற்காகத் தன்னைப் பெரிதாக நினைக்கவும் அவருக்கு நேரமில்லை. அன்றைக்கு அரைநாள் சம்பளம் போயிருந்தது.

மன்னார் பசார் பக்கம் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் பைறூஸிடம் போனார். பைறூஸ் விஷயத்தைக் கேட்டதும் கணினியைத் தன் பக்கம் திருப்பினார்.

"இது பெரிய வேலை இல்லை அக்கா. வெளிநாட்டில இருந்தாலும், இஞ்ச வீட்டு வாடகை வந்தா இஞ்ச வரி ஃபைல் போடத்தான் வேணும். அவர் தன்ர பேரில பதிஞ்சு, பழைய ரெண்டு வருசத்தையும் தன்ர வருமானம் எண்டு காட்டட்டும். உங்கட பேர் கழண்டிடும். கடவுச்சீட்டுக் கொப்பியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கோ. மிச்சம் நான்."

"கன காசு முடியுமோ தம்பி?"

"வரி, பிந்தினதுக்குக் குற்றப்பணம் எல்லாம் சேத்தாலும், அந்த வாடகையில ஏழெட்டு மாசத்துக்கு மேல வராது."

அன்று மாலையே றெனால்ட்டை எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

"என்ர பேரையும் எழுதிக் குடுத்திட்டியோ?"

"கேட்டவை. எழுதினன்."

"அக்கா, உனக்கு விளங்குதோ? இஞ்ச நான் அந்த வீட்டை வரிக்குக் காட்டேல்ல. ஒரு வருசமும் காட்டேல்ல. பழசை நான் தொட்டா இஞ்ச முழுக்கக் கிண்டுவாங்கள்."

"ஏழு மாச வாடகை, எட்டு மாச வாடகைதானாம் தம்பி."

"காசில்லை பிரச்சினை."

"அப்ப என்ர வீடு?"

"நான் கட்டித் தாறன்."

"எப்ப?"

"நீயும் வெள்ளைக்காரன் மாதிரித் திகதி கேக்கிறாய்" என்று சிரிக்கப் பார்த்தார். அன்ரோனெற் சிரிக்கவில்லை. கட்டித் தருகிறேன் என்பதைக் கணவரின் செத்தவீட்டிலும் கேட்டிருந்தார்.

நவம்பர் முதல் வாரம் றொட்னி மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் கோவை.

"அக்கா, அண்ணை எல்லாத்தையும் ஒழுங்காச் செய்யச் சொன்னவர். தன்ர பேரில ரின் எடுத்திட்டார். புது வாடகை உடன்படிக்கை, என்ர பேரில அற்றோணிப் பத்திரம். இனி நான் பாக்கிறன். உங்களுக்கும் கரைச்சல் இல்லைத்தானே."

அன்ரோனெற்றுக்கு முதலில் சந்தோஷம். "அப்ப என்ர பேர் கழண்டிட்டுதோ?"

"ஓம் ஓம். முதலாம் திகதியில இருந்து எல்லாம் அண்ணைன்ர பேரில."

உடன்படிக்கையின் கொப்பி ஒன்றைக் கொடுத்து, வீட்டுக் கதவுகளின் திறப்புக் கோர்வையை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அன்ரோனெற் பைறூஸிடம் ஓடினார். பைறூஸ் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நவம்பர் ஒண்டில இருந்துதான் அவற்ற. அதுக்கு முந்தினது எல்லாம் உங்கட தலையில. அவர் இனி சட்டப்படி சரி, அக்கா. நீங்கள்தான் ரெண்டு வருசமா ஃபைல் போடாத ஆள்."

ஒரு மனிதனைச் சட்டத்துக்குப் பணிய வைப்பது சிறிய காரியமல்ல. விசாரணையில் அன்ரோனெற் எழுதிக் கொடுத்த ஒரு வரி அதைச் செய்தது. றெனால்ட் இன்று முறையாக வரி கட்டுகிறவர்; நோர்வேயிலும் இனிமேல் வருவதைக் காட்டுவாராக இருக்கும். அவர் சொன்னதில் எந்த இடமும் பொய்யில்லை, தொடங்கிய திகதியைத் தவிர. தன் நேர்மைக்கு அவர் ஒரு திகதியைத் தெரிந்தெடுத்தார். அதற்கு முந்திய காலம் முழுவதையும் அக்காவிடம் விட்டுவிட்டார்.

அன்ரோனெற் மேலும் மூன்று தடவை எடுத்தார். மூன்றாம் தடவை றெனால்ட்டின் மனைவி எடுத்து, "அவர் வேலையில, மச்சாள்" என்றார். நோர்வேயிலும் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

நவம்பர் இருபத்தெட்டாம் திகதி பைறூஸின் கந்தோரில் இருந்து இரண்டு வருடங்களுக்கும் தன் பேரில் ஃபைல் போட்டார். போடாமல் விட்டால் குற்றப்பணம் ஏறிக்கொண்டே போகும் என்றார் பைறூஸ். தன் கூலியை அவர் வாங்கவில்லை. வருமானத்தின் வகை என்ற இடத்தில் வாடகை என்று விழுந்தது. நண்டுக் கம்பெனிச் சம்பளம் அதற்குக் கீழே, சிறிய தொகையாக நின்றது. முப்பதாம் திகதி பட்டியல் மூடியது. நாலாவது பெயரை வெட்டி, காத்திருந்தவர்களில் முதலாவதை ஏற்றினார்கள். அது பக்கத்து வளவுச் சந்தியோகு.

தை மாதம் சந்தியோகுவின் வளவில் அத்திவாரக் கல் வைத்தார்கள். பாதர் வந்து மந்திரித்தார். அன்ரோனெற் போகாமல் இருந்திருக்கலாம், போனார். ஒரு கிலோ சீனி வாங்கிக்கொண்டு போய்ச் சந்தியோகுவின் மனைவியிடம் கொடுத்தார். சந்தியோகு நல்ல மனிதர். அன்ரோனெற்றைக் கண்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல் தடுமாறி, எதையோ பகிடியாகச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார்.

"உனக்கென்ன பிள்ளை, உப்புக்குளத்தில மாடி வீட்டு வாடகை எண்டெல்லோ ஊர் கதைக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்ரோனெற் அத்திவாரக் கிடங்குக்குள் வைத்திருந்த கல்லைப் பார்த்தார்.

"ஓம் அண்ணை. குற்றப்பணமும் கட்டுறன். மாசம் மாசம்."

சிரிப்பு நின்றது. யாரோ தேத்தண்ணியை நீட்டினார்கள். நண்டுக் கம்பெனி வான் வரும் நேரம் என்று சொல்லி, வாங்காமல் ஒழுங்கைக்கு இறங்கினார்.