ஒட்டிப்போன கடைசிப் பக்கம்

பத்திரிகைகளைச் சுற்றுக்கு விட்டுப் பிழைத்த என் சக பாவிகளுக்குத் தெரியும்: நாம் ஐந்து வீட்டுக்குக் கொடுப்பது ஒரே கதை, திரும்பி வருவது ஐந்து கதை. எண்பதுகளின் கடைசியில் குரோம்பேட்டையில் எனக்கு அந்த வேலை. வாரப் பத்திரிகைக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு, சைக்கிளில் நாளுக்கு ஒரு வீடாகக் கொடுத்து வாங்க வேண்டும். ஒரு வாரம் மைதாப் பசை தண்ணியாகிக் கசிந்து, கடைசிப் பக்கம் பின்னட்டையோடு ஒட்டிக்கொண்டது. எனக்கே அது தெரியாது.

அங்கேதான் ஒரு சிறுகதையின் முடிவு இருந்தது. மகளோடு பேச்சை நிறுத்திய அப்பா, வருஷங்கள் கழித்து அவள் வீட்டு வாசலுக்கு வருகிறார். பெல்லை அழுத்தக் கையைத் தூக்குகிறார். அதோடு முந்தின பக்கம் முடிகிறது. கதையே அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தராவது ஒரு பக்கம் குறையுதுன்னு சொல்லணுமே, ஊஹூம்!

மாவு

திங்கட்கிழமை வீடு சரோஜா அக்காவுடையது. கோடை லீவு முழுக்க விருந்தாளிகளுக்குத் தோசை வார்த்து ஓய்ந்துபோயிருந்தார். பத்திரிகையை என் கையில் திணித்துவிட்டு அந்த அப்பாவைத் திட்டினார்.

"முன்னாடியே ஒரு கார்டு போட்டா என்னவாம்? அந்தப் பொண்ணு வீட்டுல மாவு இருக்கோ இல்லையோ!"

கரண்டு

அடுத்தது எலக்ட்ரீஷியன் முனுசாமி. கதையை எழுத்துக்கூட்டிப் படித்தவர், தலையைச் சொறிந்தார்.

"இன்னா சார் கதை இது? பெல் அடிக்கப் போறாரு, சரி. வூட்ல கரண்டு கீதா இல்லியா, அத்த சொல்லவே இல்லியே!"

கையெழுத்து

புதன்கிழமை ஏகாம்பரம் அண்ணன். படப்பைப் பக்கம் குடும்ப நிலத்தை மனை போட்டு விற்றவர். தங்கையின் சம்மதத்துக்காக ஆறு மாசம் அலைந்திருக்கிறார், பாவம்.

"பாசமாவது ஒண்ணாவது! பத்திரத்துல பொண்ணு கையெழுத்து வேணும், அதான் போறாரு."

மூன்று ஸ்டேஷன்

வியாழக்கிழமை, தாம்பரத்தில் தியாகராஜன் சார் வீடு. ரிட்டயர்டு ஆபீசர். மகள் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று நாலு வருஷமாகப் பேச்சில்லை. அவள் இருந்தது பல்லாவரத்தில், மூன்றே ஸ்டேஷன்! பேத்தி பிறந்தும் மனுஷன் அசையவில்லை. அவர் மனைவி என்னிடமே சொல்லி அழுதிருக்கிறார்.

மறுநாள் பத்திரிகை வாங்கப் போனால் வீடு பூட்டு. சனிக்கிழமையும் பூட்டு. வெள்ளிக்கிழமை வீட்டு அம்மா வேறு "எங்கே, எங்கே" என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்த சாரின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"கதையில அவர் கையைத் தூக்கிட்டாரே, நாம மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கணும்னு ரெண்டு பேரும் கிளம்பிட்டோம். பேத்தி என் கண்ணாடியைப் பிடுங்கிட்டா தம்பி!"

ஒட்டியது பிரிந்தது

வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் புரட்டியபோதுதான் பின்னட்டை தடிமனாக இருப்பது கையில் பட்டது. ஈரத்துணி வைத்துப் பிரித்தேன். அடக் கடவுளே! கதையில் அந்த அப்பா பெல்லை அழுத்தவே இல்லை. தூக்கிய கையை இறக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கே திரும்பிவிடுகிறார்.

இதைச் சாரிடம் எப்படிக் காட்டுவது? மறைக்கவும் மனசு வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் பக்கத்தை எடுத்துப்போய் நீட்டினேன். சார் இரண்டு தடவை படித்தார். உள்ளே, அம்மாவோடு வந்திருந்த பேத்தி எதையோ தட்டிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. பக்கத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதை எழுதினவருக்குப் பொண்ணு கிடையாதுபோல தம்பி."

அதற்கப்புறம் பசையைக் கெட்டியாகக் காய்ச்சக் கற்றுக்கொண்டேன் என்றாலும், அந்த ஒரு தடவை தண்ணியாகப் போனதற்கு நான் வருத்தப்பட்டதே இல்லை.