மங்கை கேட்கப் போன பாட்டு

எண்ணூர் மணல்திட்டுக் குப்பத்து மங்கைக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த வாய்தான் நாலு பையன்களைப் பம்பாய் மேடை வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

இரண்டாயிரத்து இரண்டில், பக்கத்தில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் சாம்பல் குழாய் உடைந்து கழிமுகம் முழுக்கச் சாம்பல் சேறானது. எல்லையம்மனுக்குக் கோபம், கூழ் ஊற்றினால் தணியும் என்றார் பூசாரி.

"குழாய ஒடைக்கிறதா அம்மனுக்கு வேல?" என்று கேட்டுவிட்டு, சாம்பல் அப்பிய இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு மங்கை நேராக ஆலை வாசலுக்குப் போனாள். கூடையைக் கவிழ்த்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"உன் சாம்பல நீ துன்னு! என் எறால எனுக்குக் குடு!"

ஆலை கேட்கவில்லை. திருமுருகன் கேட்டான். அங்கே ஒப்பந்தக் கூலியாக இருந்தவரின் மகன் அவன். திருவொற்றியூரில் மூடிக்கிடந்த லேத்துப் பட்டறை ஒன்றில் மூன்று தோஸ்துகளோடு கிட்டாரும் டிரம்ஸும் வைத்து இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தான். கும்பலின் பெயர் 'துரு'. மறுநாளே டேப் ரிக்கார்டரோடு வந்து, மங்கையை இன்னொரு முறை கத்தச் சொல்லிப் பதிந்துகொண்டு போனான்.

அந்தக் கத்தலில்தான் பாட்டு தொடங்கும். பிறகு டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும். முதலில் கல்லூரி விழாக்கள், அப்புறம் எஃப்.எம்., அப்புறம் டிவி. சாம்பலையே பார்த்திராத பெங்களூர்ப் பிள்ளைகள் "எனுக்குக் குடு" என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். டீக்கடை ரேடியோவில் தன் குரல் வரும்போதெல்லாம் மங்கை மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பாள். கழிமுகத்தில் மட்டும் சாம்பல் குறையவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஆலைக்கு வெள்ளி விழா. ஊழியர் குடியிருப்பு மைதானத்தில் துரு பாடுகிறது, ஊராருக்கும் அனுமதி உண்டு என்று சுவரொட்டி ஒட்டினார்கள்.

மங்கைக்கு உடம்பெல்லாம் சூடேறியது. புருஷன் செல்வத்தைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாய்யா முழிக்கிற? பெரிய அதிகாரி முன்னால குந்திகினு இருப்பான். அவன் மூஞ்சிக்கு நேரா பசங்க மைக்குல கேப்பானுங்க. நாலு வருசமா குடுத்த மனுவ கிழிச்சுப் போட்டான். பாட்ட எப்படிக் கிழிப்பான்? அன்னிக்கு ஊரே அங்க நிக்கணும். கடல மூடச் சொல்லு!"

கடலை மூடுவது என்றால் அன்றைக்கு ஒரு படகும் இறங்கக் கூடாது. சாவுக்கு மூடுவார்கள், போராட்டத்துக்கு மூடுவார்கள். அதைத் தீர்மானிப்பது ஊர்க்கூட்டம், அதாவது ஆண்கள். வீதி வீதியாக மீன் விற்றுக் குடும்பத்தை நடத்துகிறவளுக்கு அங்கே வாய் கிடையாது. அவளுக்காகப் புருஷன் பேசலாம்.

செல்வம் பேசினான். தலைவர் சுப்புராஜ் கடலை மூடினார். ஒரு கச்சேரிக்காகக் கடலை மூடிய குப்பம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் ஊரே மைதானத்தின் பின்வரிசையில் நின்றது. ஆளுயர ஸ்பீக்கர்கள் அதிர்ந்தபோது மங்கையின் நெஞ்செலும்பும் சேர்ந்து அதிர்ந்தது. டிவியில் இந்த அடி தெரியாது. 'எப்பா, இன்னா பலம்' என்று நினைத்துக்கொண்டாள். ஆறாவது பாட்டாக அது வந்தது. பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் குரல் எழ வேண்டிய இடத்தில் ஒரு விசில் எழுந்தது. பிறகு திருமுருகன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்:

"என் காதல நீ துன்னு, என் மனச எனுக்குக் குடு!"

அதிகாரிகள் கை தட்டினார்கள். அவர்கள் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். பெரிய அதிகாரி மேடையேறி நால்வருக்கும் பொன்னாடை போர்த்தினார்.

மேடைக்குப் பின்னால் வேனில் ஏறப்போனவனை மங்கை மறித்தாள். "எறாலு எங்கடா?"

"யக்கா... மேடை அவங்க போட்டது. வரிய மாத்துனாத்தான் பாட வுடுவேன்னாங்க. மெட்ராசு, பெங்களூரு, மத்த எடத்துல எல்லாம் முழுசாத்தான் பாடுறோம். சத்தியமா."

"மத்த எடத்துல சாம்பல் இல்லடா!"

அவன் தலை குனிந்தபடியே வேனில் ஏறிக்கொண்டான்.

மறுநாள் காலை ஊர் கூடியது. கடலை மூடிய அன்றைக்குத்தான் வஞ்சிரம் கூட்டமாக வந்திருந்தது. பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் வலை கிழிய அள்ளியிருந்தார்கள். காதல் பாட்டுக்கா கடலை மூடினோம் என்று இளவட்டங்கள் செல்வத்தின் மேல் பாய்ந்தார்கள். அவன் கை கட்டி நின்றான். சுப்புராஜ் தீர்ப்புச் சொன்னார்: பொய் சொல்லிக் கடலை மூடவைத்த குற்றத்துக்கு, மங்கை ஒரு மாதம் இந்தக் கரையில் விற்பனைக்கு மீன் எடுக்கக் கூடாது.

வேலிக்கு அப்பால் பெண்களோடு நின்ற மங்கை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். கூட்டம் திகைத்தது.

"எனுக்கு ஒரு மாசம். செரி தலைவரே. வரிய மாத்துன பையனுக்கு எத்தினி மாசம்? மாத்தச் சொன்ன ஆலைக்கு எத்தினி மாசம்?"

சுப்புராஜ் அவளைப் பார்க்கவில்லை. செல்வத்தைத்தான் பார்த்தார்.

"பொம்பளைய வூட்டுக்குக் கூட்டிகினு போப்பா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.