ஆளில்லாத வீட்டில் நாலு மணி டீ

அந்தப் புகைபோக்கியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். வில்பட்டி ரோட்டில் வீடு வைத்திருந்த எங்கள் கிளையன்ட் ஒருவர், வேலைக்காகச் சிங்கப்பூர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே சம்பளம், மலேசியாவில் கம்பெனிப் பங்கு. இங்கே வருவது கோடையில் நாற்பது நாள்தான்.

அப்போது வரிச் சட்டத்தில் ஒரு கோணல் இருந்தது, எண்பதுகளில் எடுத்துவிட்டார்கள். வருஷத்தில் முப்பது நாள் ஒருவர் இந்தியாவில் இருந்து, பாதி வருஷமாவது அவருக்கென்று இங்கே ஒரு வீடு தயாராகவும் இருந்தால், அவர் இங்கே வசிப்பவர்தான். இவரைப் போலச் சமீபத்தில் போனவர் என்றால் வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் இங்கே வரி. அதனால் வீட்டைப் பூட்டி, வேலைக்காரியை அனுப்பிவிடச் சொல்லி எழுதிவிட்டார். அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவள். புருஷன் இல்லை. அந்த வீட்டுப் பின்னறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

"வெரசாப் போய் இந்தப் பேப்பர்ல அவகிட்ட கைநாட்டு வாங்கிட்டு, பூட்டிட்டு வாம்மா," என்றார் ஆடிட்டர். இந்த மாதிரிச் சோலிக்கெல்லாம் நான்தான் கிடைத்தேன்!

நாலு மணி இருக்கும். மேகம் வாசல்வரை இறங்கியிருந்தது. உள்ளே கணப்பில் நெருப்பு. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கப் டீயில் ஆவி பறந்தது, கீழே ஒரு ஜோடி செருப்பு. நாற்காலியில் ஆளில்லை. அவள் அதைப் பார்த்து, "தொரை, ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க," என்றாள். அட கடவுளே, ஓடிவிடலாமா என்றிருந்தது.

"யாருக்குக்கா டீ?"

"தொரைக்குத்தான் தங்கச்சி. எங்க தோட்டத்துல தொரை சீமைக்குப் போனாலும் பங்களா ஆறக் கூடாது. நாலு மணிக்கு டீ வச்சே ஆகணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ ஊற்றி ஊற்றியே அந்த மனுஷனை இந்தியாவில் குடிவைத்திருக்கிறாளே! வரி இன்ஸ்பெக்டர் பார்த்தால் தொலைந்தோம். "அவருக்காக இந்த வீட்டை வச்சிருக்கலைன்னு எழுதியிருக்கு, கைநாட்டு வைங்க," என்றேன். நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு விரலைக் கொடுத்தாள். ஒரு டிரங்குப் பெட்டியோடு, களை பறிக்கும் கூலி வேலைக்காகப் கீழே பள்ளங்கி கிராமத்துக்கு இறங்கிப் போனாள். நான் வாசலைப் பூட்டிக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பினேன்.

மார்கழியில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அந்தப் புகைபோக்கியில் புகை. பூட்டியது நான், சாவி என் மேசையில்.

மறுநாள் நாலு மணிக்குப் போனேன். வாசல் பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தால் உள்ளே நெருப்பு, டீ, செருப்பு. இந்தத் தடவை நாற்காலியில் கம்பளி போர்த்தி ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. உருவம் மெல்லத் திரும்பியது. அவள்தான்! நான் கேட்டு வாங்க மறந்த பின்கதவுச் சாவி அவள் கையில் இருந்தது.

"பள்ளங்கியில வேலை இருக்கு, படுக்கத்தான் எடமில்ல," என்றாள். "சிலோன்ல பொறந்தேன், நீ இந்தியாக்காரி, போன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரிங்கிறாங்க. இல்லாத தொரை எங்க இருக்காருன்னு இத்தனை பேப்பர் எழுதுறீங்களே தங்கச்சி, நான் எங்க இருக்கேன்னு ஒரு வரி எழுதக் கூடாதா?"

சாவியை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"பகல்ல மட்டும் நெருப்புப் போடாதீங்கக்கா. புகை ரோட்டுக்குத் தெரியுது."

ஆபீஸுக்கு வந்து சிங்கப்பூருக்குக் கடிதம் அடித்தேன். வீடு பூட்டியே கிடக்கிறது, அங்கே யாரும் வசிக்கவில்லை என்று. அவளைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவள் கேட்ட ஒரு வரியை நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.