கிறிஸ்துநாயகம் வீட்டு முப்பத்தேழு பேர்

பிரித்தானியாவில் தாங்கள் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டின் பாதுகாப்பைக் கடவுளும் பொலிஸும் மட்டும் பார்த்தால் போதாது என்று கிறிஸ்துநாயகம் முடிவெடுத்தது செப்டெம்பர் மாதத்து மாலை ஒன்றில். அன்று அவர் மனைவி கிளறிற்றா முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடிந்து, ஸ்டேஷன் பக்கத்து ஒழுங்கையால், அந்தக் குறுகிய சந்தால், வந்துகொண்டிருந்தாள். பந்தயம் ஓடிய இரண்டு மோப்பெட்டுகள், சின்ன மோட்டார் சைக்கிள்கள், அவளைச் சுவரோடு ஒட்டவைத்து, சாப்பாட்டுப் பெட்டியையும் நசுக்கிவிட்டுப் போயின.

“வாற நத்தார்ப் பண்டிகைக்குள்ள உந்த ஒழுங்கைக்கு ஒரு வழி பண்ணாட்டி நான் வேலையை விடுறன்,” என்றாள். பதினொரு வருஷம் ஆசையாகச் செய்த வேலை.

கிறிஸ்துநாயகம் தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். கடதாசியால் தீராத துன்பம் உலகில் இல்லை என்பது அவர் கொள்கை. தெருக்களைப் பராமரிக்கும் நகரக் கவுன்சிலுக்குப் போன் எடுத்தார். ஒரு வீட்டுப் புகார் வரிசையில் நிற்கும், பல வீடுகள் எழுதினால் அதிகாரிகளே நேரில் வருவார்கள் என்றார்கள். ஐம்பது படிவங்கள் வாங்கிவந்தார்.

ஒக்டோபர் மாதம் நாளுக்கொரு வீட்டில் செபமாலை. இவர் முறை வந்தபோது முப்பத்தேழு பேர் வந்தார்கள். கடைசிச் செபம் முடிந்ததும் கிறிஸ்துநாயகம் ரோல்ஸ் பொரித்து அடுக்கியிருந்த குசினியின் வாசலை மறித்து நின்றார்.

“படிவம் நிரப்பினாத்தான் ரோல்ஸ்.”

அதுவரை ஒழுங்கையை வாய் நிறையத் திட்டிக்கொண்டிருந்த சபை, பேனையைக் கண்டதும் அடங்கிப்போயிற்று.

“நாயகம், விலாசமும் எழுத வேணுமோ?” என்றார் செபஸ்தியாம்பிள்ளை. சபையில் மூத்தவர்.

“ஓம் அண்ணை. இல்லாட்டிச் செல்லாது.”

செபஸ்தியாம்பிள்ளை பிரித்தானியக் குடியுரிமை பெற்று இருபத்தைந்து வருஷம். ஆனாலும் அரசாங்கக் கடதாசியில் தன் விலாசம் ஏறுவதை அவர் விரும்பவில்லை. விலாசம் கேட்டு வந்தவர்கள் சுகம் விசாரிக்க வராத ஊரில் பழகிய பழக்கம். மெல்லப் பக்கத்தில் இருந்த இளம்பெண் தனுஷியாவிடம் சரிந்தார்.

“பிள்ளை, நீர் எந்த விலாசம் போட்டனீர்?”

“இந்த வீட்டுதுதான். கரைச்சல் வந்தா நாயகம் அங்கிள் பாப்பார் தானே.”

இந்தத் தத்துவம் ரோல்ஸை விட வேகமாக வீட்டைச் சுற்றி வந்தது. பிறர் எழுத்தைப் படிப்பது தபால்காரனுக்கு அழகல்ல என்று எண்ணிய கிறிஸ்துநாயகம், எதையும் பார்க்காமல் ஒரே உறையில் போட்டு அனுப்பினார்.

நவம்பரில் பதில் வந்தது. மூன்று அறைகள் கொண்ட தங்கள் வீட்டில் முப்பத்தேழு பேர் வசிப்பதாகத் தெரிகிறது, செவ்வாய் நாலு மணிக்குப் பரிசோதிக்க வருகிறோம்.

“ஒழுங்கையைப் பாக்கக் கூப்பிடச் சொன்னா, வீட்டைப் பாக்கக் கூப்பிட்டிருக்கிறியள்,” என்றாள் கிளறிற்றா.

செவ்வாய்க்கிழமை கிறிஸ்துநாயகம் உபரித் தலையணைகள் ஒன்பதைக் காருக்குள் ஒளித்தார். வாசலில் இரண்டு சோடிச் செருப்பு மட்டும் விட்டார். நாலே காலுக்கு மணி அடித்தது. அதிகாரி அம்மாவின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. கோப்பிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. ஸ்டேஷனிலிருந்து ஒழுங்கையால் வந்திருக்கிறார்.

முப்பத்தேழு பேரைப் பற்றி அவர் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, “அந்த மோப்பெட்டுகள் எப்போதும் இப்படித்தானா?” என்றார்.

கிறிஸ்துநாயகம் முப்பத்தெட்டாவது படிவத்தை நீட்டினார். அதிகாரி அம்மா தானே அதை நிரப்பினார்; அதில்தான் முதன்முறையாக எழுதியவரின் உண்மையான விலாசம் ஏறியது. விதிப்படி அவருக்கும் ரோல்ஸ் கிடைத்தது. போகுமுன் வீட்டில் தலைகளை எண்ணினார்: இரண்டு.

டிசெம்பர் இரண்டாம் வாரம் மோப்பெட்டுகள் நுழையாதபடி ஒழுங்கையின் இரு முனையிலும் இரும்புத் தூண்கள் முளைத்தன. நடுவில் விளக்கும் வந்தது. கிளறிற்றா புதுச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கினாள்.

நத்தார் பூசை முடிந்து செபஸ்தியாம்பிள்ளை கிறிஸ்துநாயகத்தின் கையைப் பிடித்தார். “பாத்தீரே, நாங்கள் துணிஞ்சு எழுதினபடியால்தான் நடந்தது.”

“அப்ப கவுன்சிலுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுவமே, அண்ணை?”

“வடிவா எழுதுவம்,” என்றார் அவர். “விலாசம் மட்டும் உம்மடதைப் போடும்.”