முதல் கட்டத்தை முடித்த மணியம் அண்ணன்

கிள்ளான் பேருந்துப் பயணிகளுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: சென்ற செவ்வாய்க்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் வரை நான் படியில் தொங்கிக்கொண்டே வந்தும் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. நடத்துநர் புது ஆள். "மணியம் நேத்து போயிட்டாரு லா, தம்பி," என்றார்.

டிக்கெட்டோடு சேர்த்து என்னையும் கிழிக்கும் மணியம் அண்ணனை உங்களுக்குத் தெரியும். மணியை அடித்து மணியத்தைக் கடுப்பேற்றுவது என் தினசரித் தொழில். ஒருநாள் ஆளில்லாத இடத்தில் அடித்தேன். "நிறுத்தச் சொன்னவன் நீதானே? இறங்கு!" என்று இறக்கிவிட்டார். ஐம்பதடி தள்ளி வண்டி எனக்காக நின்றது. மூச்சிரைக்க ஏறினேன். "நாளைக்கும் அடிப்பியா?" "அடிப்பேண்ணே." சிரித்துவிட்டார்.

துக்க வீட்டில் ஒரு பெரியவர் காலை நீட்டிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: "மருந்துல மூனு கட்டம் இருக்காம். மூனாவது வரைக்கும் போயிருந்தா பொழைச்சிருப்பான். மொதல்லயே விட்டுட்டான். பொறுமை இல்ல." அண்ணன் மனைவி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியவரே, கேளுங்கள். புற்றுநோய்க்கான புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில்தான் அண்ணன் சேர்ந்திருந்தார். முதல் கட்டத்தில், புது மருந்தை எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும், என்ன கெடுதல் செய்யும் என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். சிலருக்கு மட்டுமே கொடுப்பார்கள். புற்று குறைகிறதா என்று ஆராய்வது இரண்டாம் கட்டம். அதற்கு வேறு நோயாளிகள். மூன்றாவதில் இன்னும் நிறையப் பேரைச் சேர்த்து, வழக்கமான மருத்துவத்தோடு ஒப்பிடுவார்கள். ஒரே ஆள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிப்போவதில்லை. வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காத நிலையிலும், வரச்சொன்ன ஒரு நாளைக்கூட அண்ணன் தவறவிடவில்லை. தன் கட்டத்தை முழுதாக முடித்தவரையா பொறுமையில்லாதவர் என்கிறீர்கள்?

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் என்னை மிஞ்ச எங்கள் பள்ளியில் ஆளில்லை. அதனால்தான் ஒப்புதல் தாளைப் படித்துச் சொல்ல அண்ணன் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். "வீட்டுல நிதானமா படிச்சிட்டு நாளைக்கு வாங்க," என்றார் தாதி. "இப்பவே படிச்சிட்டேன்," என்றேன் நான்.

"இதுல நான் நல்லாயிடுவேனாடா?"

"இது ஸ்கூல் மாதிரிண்ணே. ஒன்னு பாஸானா ரெண்டு, அப்புறம் மூனு. மூனும் முடிச்சா சுகமாகி வீட்டுக்கு!"

"ஆறாம் வகுப்போட நின்னவன்டா நான். இதையாவது முடிக்கிறேன்." கையெழுத்துப் போட்டார்.

பெரியவர் ஒப்பித்தது நான் நடத்திய பாடம்தான்.

மருந்து முடிந்த வாரம் அண்ணன் கேட்டார்: "ரெண்டாவதுக்கு எப்படா கூப்பிடுவாங்க?" கூப்பிடுவாங்கண்ணே என்றேன்.

தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. உங்களுக்குப் பலன் கிடைக்காமல் போகலாம் என்ற வரி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அன்று நான் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைப் படித்தது, அவரை எரித்துவிட்டு வந்த பிறகு.

அண்ணன் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியப்போகிறது.