செருப்போடு போட்ட மாலை

போன ஞாயிற்றுக்கிழமை என் பெரியம்மா ஒரு சிலைக்குச் செருப்புக் காலோடு மாலை போட்டார். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு மெசேஜ் மேல் மெசேஜ். "உங்க பெரியம்மாவா அது? இன்னா திமிரு?"

ஆமாம்... என் பெரியம்மாதான். திமிர்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடிக்க முடியாது என்பதால் மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சிலையில் இருப்பவர் யார்? ஆம்பூரில் எங்கள் தெருப் பக்கம் வந்து 'மண்டி ஐயா' என்றால் போதும். வெள்ளைக்காரன் காலத்தில் தோல் மண்டி வைத்துச் சம்பாதித்தவர். தோல் பதனிடுகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். அதுகூடப் பெரிதில்லை — கையில் இருந்தது, கட்டினார்.

ஆனால் அந்தக் காலத்தில், தோலைப் பதப்படுத்துகிறவன் காலில் செருப்போடு கடைத்தெருவில் நடக்கக் கூடாது. அவன் பதப்படுத்திய தோலில் தைத்த செருப்பு ஊரெல்லாம் நடக்கலாம்... அவன் காலில் மட்டும் கூடாது. மண்டி ஐயா தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு ஜோடி கொடுத்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. தானே முன்னால் நடந்து, அந்தக் கடைத்தெரு வழியாகவே எல்லோரையும் பள்ளித் திறப்புவிழாவுக்குக் கூட்டிப் போனார். கல் விழுந்ததாம். அவர் மேலேயும்தான்.

அவர் பிறந்தநாளில் எங்கள் தெரு சார்பில் ஒரு மாலை போகும். அந்தந்த வருஷம் கம்பெனி வேலையிலிருந்து நின்றவர்தான் அதைப் போட வேண்டும். ஒருவருக்கு வாழ்க்கையில் ஒரு முறை கிடைக்கிற வாய்ப்பு. இந்த வருஷம் பெரியம்மாவின் முறை. இத்தனை காலம் ஷூ கம்பெனியில் அப்பர் — ஷூவின் மேல்பாகம் — தைத்தவரை உட்காரவைத்தது சர்க்கரை. இடது காலில் ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. வேலூர் டாக்டர் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு எழுதிக்கொடுத்து, வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

சிலை இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனால்... சிலையைச் சுற்றிப் புதுசாகக் கருப்பு கிரானைட் மேடை. நாலு பக்கமும் கயிறு. 'காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்' என்று ஒரு போர்டு. பதினோரு மணி வெயிலில் கிரானைட் தோசைக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது.

கயிற்றுக்குப் பக்கத்தில் பழைய மாணவர் சங்கச் செயலாளர் நின்றிருந்தார். எங்களுக்கெல்லாம் அண்ணன். நல்ல மனுஷன், கைக்காசு போட்டு மேடை கட்டியவர். சும்மா சொல்லக் கூடாது.

"அக்கா, செருப்ப மட்டும் அப்படி ஓரமா வுட்டுடுங்க."

"கழட்டக் கூடாது தம்பி. டாக்டர் சொல்லிக்கீறாரு."

"ரெண்டே நிமிஷம்க்கா. சுடுதுன்னு தெரிஞ்சா டக்குனு எறங்கிடுங்க."

"சுட்டா எனக்குத் தெரியாதுப்பா, காலு மரத்துப்போச்சு. அதான் பேஜாரே. போன கோடையில கொப்புளம் வந்து பழுத்த அப்புறம்தான் பார்த்தேன். அப்படிப் போனதுதான் அந்த வெரலு."

அண்ணன் யோசித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "அப்ப மாலைய எங்கிட்ட குடுங்க. உங்க பேரச் சொல்லி நானே போட்டுடுறேன்."

"கண்ணாலத்துக்கு மாப்பிள்ளைய அனுப்பாம போட்டோவ அனுப்பற கதையா இருக்கே" என்றார் பெரியம்மா. வரிசையில் சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கு முகம் சுருங்கியது.

"அவரு நமக்குத் தெய்வம் மாதிரிக்கா. தெய்வத்துக்கு முன்னால..."

இங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணா, உங்க தெய்வம் செஞ்ச ஒரே அற்புதமே நம்ம காலுக்குச் செருப்பு போட்டதுதானே? அதக் கழட்டச் சொன்னா எப்படி?"

"அது அந்தக் காலம்மா. இப்ப யாரு தடுக்கறாங்க?"

"இப்ப நீங்கதான் தடுக்கறீங்க."

பெரியம்மா என் காலைப் பார்த்தார். "நல்லா பேசற. உன் ஷூ எங்கடி?"

அட... என் ஷூ கயிற்றுக்கு வெளியே ஜோடியாக, ஒழுங்காக நின்றிருந்தது. போர்டைப் பார்த்ததும் கை தானாகக் கழற்றியிருக்கிறது. நான் வெறுங்காலில் நின்று புரட்சி பேசிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பாருங்கள் — யாரும் கல்லெறியவில்லை, யாரும் மிரட்டவில்லை. 'மரியாதை' என்று ஒரு வார்த்தை... அது போதுமாக இருந்திருக்கிறது.

சீர்திருத்தம் செய்தவரைத் தெய்வமாக்கிவிட்டால் நமக்கு எவ்வளவு வசதி, கவனித்தீர்களா? மனுஷனாக விட்டுவைத்தால் அவர் பின்னால் நடக்க வேண்டியிருக்கும். தெய்வமென்றால் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

நான் திரும்பிப் போய் ஷூவைப் போட்டேன். லேஸ் கட்டும்வரை வரிசை மொத்தமும் காத்திருந்தது. அதற்குள் பெரியம்மா கயிற்றை ஒரு கையால் தூக்கிக் குனிந்து உள்ளே போய்விட்டார். மேடையில் எம்.சி.ஆர். செருப்போடு நின்று, மாலையைப் போட்டு, மண்டி ஐயாவின் தோளில் அதைச் சரிசெய்துவிட்டு, நிதானமாக இறங்கினார். நான் போய்க் கைகொடுத்தேன். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் சிலர் செருப்போடு ஏறினார்கள். சிலர் எங்களை முறைத்துக்கொண்டே கழற்றினார்கள்.

நேற்று அண்ணன் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை. "அடுத்த வருஷம் மேடை மேல கார்பெட் போட்டுடறோம்மா. கால் சுடாது. பெரியம்மாகிட்ட சொல்லிடு, அப்ப கழட்டிட்டு ஏறலாம்."

சொன்னேன். பெரியம்மா காலுக்கு மருந்து தடவிக்கொண்டே கேட்டார்.

"போடட்டும். நான் செருப்போடதான் மிதிப்பேன், கார்பெட்டு அழுக்காகும். பரவால்லையான்னு கேளு."

கேட்டிருக்கிறேன். அண்ணன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.